விரலுக்குள் தசை இல்லை: கைக்கருவிக் காயங்களைப் புரிந்துகொள்ள

வலது முழங்கைக்குக் கொஞ்சம் கீழே, முன்கையை இடது கையால் சுற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டுங்கள். மடங்குவது விரல்தான். ஆனால் உங்கள் பிடிக்குள் உருண்டு புரள்வது முன்கைத் தசை. விரல்களுக்குள் அவற்றை மடக்கும் தசை எதுவும் கிடையாது. உள்ளங்கையில் சில சிறு தசைகள் உண்டு. பலம் கொடுக்கும் பெரிய தசைகள் எல்லாம் முன்கையில்தான் இருக்கின்றன. அங்கிருந்து மணிக்கட்டைக் கடந்து விரல் நுனி வரை கயிறுகள் ஓடுகின்றன. ராட்டினக் கயிற்றை இங்கே இழுத்தால் கிணற்றுக்குள் வாளி ஏறுவது போல, முன்கையில் தசை சுருங்கினால் விரல் நுனி மடங்குகிறது.

கைக்கருவியோடு வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் நான் முதலில் செய்துகாட்டச் சொல்வது இதைத்தான். கையில் பட்ட காயத்தைத் தோலின் மேல் அளக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. ஒரு சென்டிமீட்டர் நீளக் கீறல், இரண்டு நிமிடத்தில் ரத்தமும் நின்றுவிட்டது, ஆகவே சின்னக் காயம் என்று முடிவுகட்டுகிறோம். அந்த ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே அரை சென்டிமீட்டர் ஆழத்தில் என்ன அறுந்திருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

நானும் பார்க்கவில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனத்தின் பராமரிப்புப் பிரிவில் நான் ஃபிட்டராகச் சேர்ந்த இரண்டாவது வருடம் அது. என்னோடு வேலை பார்த்த மூத்தவர் ஒருவர், அட்டைப்பெட்டியைக் கட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டையைக் கட்டர் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தார். பட்டை சட்டென்று விட்டுக்கொடுத்தது. கத்தி, பெட்டியைப் பிடித்திருந்த இடது கையின் சுட்டுவிரலில் இறங்கியது. நடுக்கணுவின் கோட்டுக்குச் சற்றுக் கீழே, மெல்லிய ஒரு கோடு. “என்ன அண்ணே, ஆஸ்பத்திரிக்குப் போகலாமா?” என்று கேட்டேன். “ஒன்றுமில்லை தம்பி, விரல் மடங்குகிறது பார்” என்று மடக்கியும் காட்டினார். துணியைச் சுற்றி, மேலே இன்சுலேஷன் டேப்பை ஒட்டிக்கொண்டு ஷிப்டை முடித்தார்.

ஆறாவது நாள் மாலை, பட்டரவாக்கம் ஸ்டேஷனில் நெரிசலான ரயிலில் ஏறும்போது வாசல் கம்பியை இடது கையால் எட்டிப் பிடித்தார். ஏதோ பட்டென்று விட்டது போல இருந்ததாம். மறுநாள் காலை கையை எனக்கு முன்னால் நீட்டி மடக்கினார். மூன்று விரல்கள் உள்ளங்கைக்குள் போய் உட்கார்ந்தன. சுட்டுவிரலின் கடைசிக் கணு மட்டும் நீண்டு நின்றது. எவ்வளவு முயன்றும் அது மடங்கவில்லை. வெட்டுப்பட்ட அன்று தசைநாண் பாதிக்கு மேல் அறுந்திருக்க வேண்டும், மிச்சமிருந்த இழையில்தான் ஆறு நாள் விரல் மடங்கியிருக்கிறது, கம்பியைப் பிடித்த இழுப்பில் அதுவும் போய்விட்டது என்றார் டாக்டர்.

‘நரம்பு’ என்று நாம் சொல்வது

நம் பேச்சில் ஒரு சிக்கல் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ‘நரம்பு’ என்று ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். ஊசி போட நர்ஸ் தேடுவதும் நரம்பு, முஷ்டியை இறுக்கினால் மணிக்கட்டில் புடைப்பதும் நரம்பு, சூட்டை உணரச் செய்வதும் நரம்பு. ‘கையில் நரம்பு கட்டாகிவிட்டது’ என்று ஒருவர் சொன்னால் மூன்றில் எது என்று தெரியாது. மூன்றுக்கும் பாதிப்பு வேறு, வைத்தியம் வேறு, காத்திருக்கும் காலமும் வேறு.

முதலாவது தசைநாண். மேலே சொன்ன கயிறு. பெருவிரல் தவிர்த்த ஒவ்வொரு விரலிலும் மடக்குவதற்கென்று இரண்டு தசைநாண்கள் உண்டு. ஒன்று நடு எலும்போடு நின்றுவிடும். மற்றொன்று அதன் பிளவுக்குள் நுழைந்து நுனி எலும்பு வரை போகும். இரண்டும் சைக்கிள் பிரேக் கேபிள் உறைக்குள் ஓடுவது போல ஓர் இறுக்கமான உறைக்குள் வழுக்கி ஓடுகின்றன. அறுந்தால், முன்கைத் தசை தன் பக்கத்து முனையைச் சுருட்டி இழுத்துக்கொள்ளும். அந்த முனை உள்ளங்கை வரை பின்வாங்கிவிடக்கூடும். முதல் சில நாட்களுக்குள் தேடிப் பிடித்துத் தைப்பது ஒரு வேலை. வாரங்கள் கழித்து, சுருங்கிப்போன தசையையும் ஒட்டிப்போன உறையையும் வைத்துக்கொண்டு சரிசெய்வது முற்றிலும் வேறு வேலை. உள்ளங்கையின் மேல் ரேகையிலிருந்து விரலின் நடு எலும்புப் பாதி வரை உள்ள பகுதியை, அறுவை மருத்துவர்கள் ஒரு காலத்தில் ‘யாரும் நுழையக் கூடாத நிலம்’ என்ற பொருளில் அழைத்தார்கள். அங்கே தைத்தால் தையல் உறையோடு ஒட்டிக்கொண்டு விரல் அசையாமல் போய்விடும் என்ற அச்சம். இன்று அங்கும் தைக்கிறார்கள். ஆனால் அதன்பின் வாரக்கணக்கில் பிசியோதெரபி வேண்டும். கனமான வேலைக்குத் திரும்பச் சுமார் 12 வாரம் ஆகும்.

இரண்டாவது, உணர்வு நரம்பு. விரலின் உள்ளங்கைப் பக்கத்தில் இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொன்று ஓடுகிறது. அதனால்தான் ஓரத்தில் பட்ட வெட்டு, விரலின் பாதியை மட்டும் மரத்துப்போகச் செய்யும். இதைக் கண்டுபிடிக்கச் சென்னை வெயிலே உதவுகிறது. நரம்பு அறுந்த தோலில் வியர்வை சுரக்காது. மே மாதப் பிற்பகலில் கை முழுவதும் ஈரமாக இருக்க, ஒரு விரலின் ஒரு பக்கம் மட்டும் காகிதம் போல் உலர்ந்திருந்தால் அது கவனிக்க வேண்டிய செய்தி. நரம்பைத் தைத்துவிட்டாலும் உணர்வு உடனே வராது. வெட்டிய இடத்திலிருந்து அது ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வேகத்தில்தான் மறுபடி வளர்கிறது. உள்ளங்கையில் வெட்டு என்றால் விரல் நுனிக்கு உணர்வு எட்ட மூன்று மாதத்துக்கு மேல் ஆகலாம்.

மூன்றாவது ரத்தக்குழாய். அது அந்த நரம்பை ஒட்டியே ஓடுகிறது. ஆகவே ஓரத்திலிருந்து ரத்தம் பீறிட்டிருந்தால், பக்கத்திலுள்ள நரம்பும் வெட்டுப்பட்டிருக்கலாம் என்று டாக்டர்கள் சந்தேகிப்பார்கள். நகத்தை அழுத்திவிட்டால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். சிவக்கவில்லை என்றால் ரத்தம் போகவில்லை.

விரல் மடங்குகிறது என்பதால் எல்லாம் சரியாக இருப்பதாக நினைத்துவிடாதீர்கள். என் மூத்தவரின் விரலும் மடங்கத்தான் செய்தது. எதிர்ப்புக் கொடுத்து மடக்கும்போது வலித்தால், பாதி அறுந்திருக்க வாய்ப்பு உண்டு. தோலின் முழு ஆழத்துக்கும் இறங்கிய வெட்டு எதுவானாலும், அதை வெளிச்சத்தில் திறந்து பார்க்க வேண்டியவர் மருத்துவர்.

வழுக்கினால் கை எங்கே போய் நிற்கும்?

கைக்கருவி விபத்துகளில் பெரும்பாலானவற்றை ஒரே கேள்வியில் அடக்கிவிடலாம் என்று நினைக்கிறேன். பலம் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி அது: இந்தக் கருவி இப்போது வழுக்கினால் என் கை எங்கே போய் நிற்கும்? போல்ட் இறுகியிருக்கும் வரை நம் பலத்தைப் போல்ட் தாங்குகிறது. விட்டுவிட்ட அந்தக் கணத்தில் அதே பலம் முழுவதும் நம் கையை முன்னால் எறிகிறது. எவ்வளவு நிதானமானவராக இருந்தாலும் கண் மூடித் திறப்பதற்குள் நடக்கும் இதைத் தடுக்க முடியாது. கை போகும் வழியை மட்டும் முன்கூட்டியே மாற்றி வைக்க முடியும்.

ஸ்பேனரை எடுத்துக்கொள்வோம். பழைய இயந்திரங்களில் அங்குல அளவு போல்ட்டுகள் இருக்கும். அரை அங்குலத் தலை என்றால் 12.7 மில்லிமீட்டர். பெட்டியில் கைக்குக் கிடைப்பது 13 மில்லிமீட்டர் ஸ்பேனர். போட்டால் பொருந்துவது போலவே இருக்கும், லேசாக ஆடும். 0.3 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் அந்த இடைவெளியால் ஸ்பேனரின் தாடை போல்ட்டின் பக்கத்தைப் பிடிக்காமல் மூலையைப் பிடிக்கிறது. ஒவ்வொரு இழுப்பிலும் மூலை கொஞ்சம் தேய்கிறது. எட்டாவது இழுப்பில் வழுக்கி, முஷ்டி எதிரே இருக்கும் தகட்டில் போய் மோதுகிறது. முஷ்டியின் கணுக்களில் தோல் மெல்லியது. அடியிலேயே விரலை நீட்டும் தசைநாணும் மூட்டும் இருக்கின்றன. அங்கே தோல் பிளந்தால் மூட்டே திறந்திருக்கலாம், கிருமி உள்ளே போயிருக்கலாம். ‘முட்டி பெயர்ந்தது’ என்று சிரித்துவிட்டுப் போகும் காயம் அல்ல அது.

சரியான அளவு ரிங் ஸ்பேனர் இருந்தால் திறந்த வாய் ஸ்பேனரை எடுக்காதீர்கள். ரிங் ஸ்பேனர் எல்லா மூலைகளையும் சுற்றிப் பிடிக்கிறது. தள்ளாமல் உங்களை நோக்கி இழுங்கள், வழுக்கினாலும் கை வெற்றிடத்துக்குத்தான் வரும். தள்ளியே ஆக வேண்டிய இடமென்றால் விரல்களால் சுற்றிப் பிடிக்காமல் விரித்த உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளுங்கள். ஸ்பேனரின் பின்னால் பைப்பைச் சொருகி நீளத்தைக் கூட்டும் பழக்கம் எல்லாப் பட்டறையிலும் இருக்கிறது. நீளம் இரண்டு மடங்கானால் முறுக்கு விசையும் இரண்டு மடங்காகும். அந்தப் பலத்துக்கு ஸ்பேனரைச் செய்யவில்லை. உடைந்தால் கையோடு ஆளும் சேர்ந்து விழுவார்.

கட்டர் கத்தியின் கதையும் இதே கதைதான், இன்னும் கூர்மையாக. வலது கைப் பழக்கமுள்ளவர்களுக்குக் கத்திக் காயம் பெரும்பாலும் இடது கையில்தான் படுகிறது. ஏனென்றால் பொருளைப் பிடித்திருக்கும் கை அது, கத்தி போகும் பாதையிலேயே இருக்கும் கை அது. மழுங்கிய கத்தி அதிக ஆபத்து, ஏனென்றால் அதற்கு அதிகப் பலம் கொடுக்கிறோம். முனையை ஒடித்துப் புதிய முனையை எடுக்கும் வசதி அந்தக் கத்தியிலேயே இருக்கிறது. பிளேடுக்குக் கணக்குக் கேட்கும் சூப்பர்வைசரைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கும். அவர் சில ரூபாயை மிச்சம் பிடித்துவிட்டு, ஒருவரின் சுட்டுவிரலைப் பணயம் வைக்கிறார்.

ஒரு சின்னப் பாகத்தை இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, வலது கையால் திருப்புளியை அழுத்தித் திருகுகிறார் ஒருவர். முனை வழுக்கினால் அது போய் நிற்கும் இடம் உள்ளங்கையின் நடுவில்தான் இருக்க முடியும். அங்கேதான் விரல்களுக்குப் போகும் தசைநாண்களும் நரம்புகளும் ரத்தக்குழாய் வளைவும் அடுக்கடுக்காக இருக்கின்றன. அந்தப் பாகத்தை வைஸில், அதாவது மேசையில் பொருத்திய இறுக்குப்பிடியில், மாட்டியிருந்தால் இடது கை அங்கே இருந்திருக்கவே வேண்டியதில்லை. ஏன் மாட்டவில்லை? வைஸ் இருபது அடி தள்ளி, அடுத்தவருடைய மேசையில் இருக்கிறது. எண்ணிக்கை முடிக்க இன்னும் நாற்பது பாகம் மிச்சம். விபத்து அறிக்கையில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதுவது எளிது. வைஸ் ஏன் இருபது அடி தள்ளி இருக்கிறது என்று எழுதிய அறிக்கை எதையும் நான் பார்த்ததில்லை.

கைப்பிடி இல்லாத அரம் எத்தனை பெட்டிகளில் கிடக்கிறது என்று பாருங்கள். அரத்தின் பின்முனை ஆணி போலக் கூராக இருக்கும், மரக் கைப்பிடிக்குள் இறக்குவதற்காக அப்படிச் செய்கிறார்கள். கைப்பிடி இல்லாமல் தேய்க்கும்போது அரம் எங்கேயாவது மாட்டி நின்றால், கை மட்டும் முன்னால் போகும். அந்த முனை உள்ளங்கைக்குள் இறங்கிவிடும்.

உளியைப் பற்றிச் சொல்லும்போது ஆயுத பூஜைதான் நினைவுக்கு வருகிறது. அன்றைக்கு எல்லாக் கருவிகளையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, வரிசையாக அடுக்கி, சந்தனமும் குங்குமமும் வைப்போம். அந்த வரிசையில் ஓர் உளி, அடிபட்டு அடிபட்டுத் தலை காளான் போல விரிந்து, ஓரமெல்லாம் பிசிறும் விரிசலுமாக இருந்தது. அதற்கும் பொட்டு வைத்தோம். மறுநாள் அப்படியே வேலைக்கு எடுத்தோம். விரிந்த தலையில் சுத்தியல் விழும்போது ஓரத்திலிருந்து எஃகுச் சில் ஒன்று தெறித்து வரும். கையில் பட்டால் துப்பாக்கி ரவை போலச் சதைக்குள் போய்விடும், கண்ணில் பட்டால் பார்வையே போகும். கிரைண்டரில் இரண்டு நிமிடம் கொடுத்து அந்த விளிம்பைச் சரித்து எடுத்துவிட்டால் தீர்ந்தது. வருடத்தில் ஒரே ஒரு நாள் ஒவ்வொரு கருவியையும் தனித்தனியாகக் கையில் எடுத்துப் பார்க்கிறோம். ஆடும் சுத்தியல் தலை, வாய் விரிந்த ஸ்பேனர், கைப்பிடி போன அரம் ஆகியவற்றைத் தனியே ஒதுக்கிவைக்க அதைவிட நல்ல நாள் கிடையாது. சுத்தியல் தலை ஆடினால் தண்ணீரில் ஊறவைப்பவர்கள் உண்டு. மரம் ஊறி இறுகும், காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக ஆடும். புதிய ஆப்பு அடிக்க வேண்டும், அல்லது பிடியையே மாற்ற வேண்டும்.

சுத்தியல் அடியில் நகத்துக்கடியில் ரத்தம் கட்டி விண்விண்ணென்று தெறிக்கும்போது, ஊசியைச் சூடாக்கி நகத்தில் ஓட்டை போடும் கைவைத்தியம் இன்னும் இருக்கிறது. வேண்டாம். நுனி எலும்பும் உடைந்திருந்தால், வெளிக்காற்று படாமல் இருந்த முறிவுக்கு நீங்களே வாசல் திறந்துவிடுகிறீர்கள். எக்ஸ்ரே எடுத்த பிறகு சுத்தமான முறையில் டாக்டர் அதைச் செய்வார்.

எறும்பு கடித்த அளவு ஓட்டை

வெளியே தெரிவதற்கும் உள்ளே நடப்பதற்கும் இருக்கும் தூரம் மிக அதிகமாக உள்ள காயம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித் தெரியாமல் யாரும் கிரீஸ் கன்னை, அதாவது இயந்திரத்துக்குள் கிரீஸை அழுத்திச் செலுத்தும் கருவியை, தொடக் கூடாது.

கையால் அடிக்கும் கிரீஸ் கன்கூட ஒரு சதுர அங்குலத்துக்கு ஆயிரக்கணக்கான பவுண்டு அழுத்தம் தரக்கூடியது. கன்னின் மூக்குமுனை அடைத்துக்கொண்டது போலிருக்கும். அடைப்பை எடுக்க ஒருவர் இடது சுட்டுவிரலை வைத்துத் துடைப்பார். அந்த நேரத்தில் அடைப்பு விட்டால், கிரீஸ் ஊசி போல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஹைட்ராலிக் குழாயில் கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்ப்பதும், பெயிண்ட் ஸ்பிரே கன்னின் முனையில் விரல் வைப்பதும் இதே ஆபத்துதான். வெளியே எறும்பு கடித்த அளவு ஒரு புள்ளி. ஒரு சொட்டு ரத்தம்கூட வராமல் இருக்கலாம். முதல் ஒரு மணி நேரம் வலிகூடப் பெரிதாக இருக்காது. ஆனால் கிரீஸ், தசைநாண் ஓடும் அந்த உறைக்குள் புகுந்து, அதையே குழாயாக்கிக்கொண்டு உள்ளங்கை வரை பரவியிருக்கும். உறை இறுக்கமானது, வீங்க இடம் இல்லை, எனவே உள்ளே அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நின்றுபோகிறது. பெயிண்ட், தின்னர் என்றால் ரசாயனமும் சேர்ந்து சதையை அரிக்கிறது.

இதற்கு வீட்டுக்குப் போய் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கக் கூடாது. மாத்திரை போட்டுக் காலைவரை பார்ப்பதும் கூடாது. சில மணி நேரத்துக்குள் விரலைத் திறந்து கழுவி எடுக்கும் அறுவை வேண்டியிருக்கும். தாமதித்தவர்கள் விரலையே இழந்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் ‘கையில் சின்ன ஓட்டை’ என்று சொல்லாதீர்கள். ‘அழுத்தத்தில் கிரீஸ் உள்ளே போய்விட்டது’ என்று அந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள், முடிந்தால் அந்த கிரீஸ் டப்பாவையோ அதன் லேபிளின் படத்தையோ கொண்டுபோங்கள்.

கையுறை

எல்லா வேலைக்கும் கையுறை நல்லது என்பது தவறு. சுழலும் டிரில்லிங் மெஷின், லேத் பக்கத்தில் கையுறை போடவே கூடாது. நூலின் ஒரு நுனி சிக்கினால் கையுறை கையையும் சேர்த்துச் சுற்றிக்கொள்ளும். கூரான தகடு, கத்தி, பிசிறு உள்ள பாகங்கள் என்றால் கட்டாயம் வேண்டும், ஆனால் எந்தக் கையுறை என்பது முக்கியம். வெள்ளைப் பருத்திக் கையுறை அழுக்கைத் தடுக்கும், கத்தியைத் தடுக்காது. பாரிமுனைக் கடைகளில் வாங்கும்போது கையுறையின் பின்புறம் ‘இஎன் 388’ என்ற ஐரோப்பியத் தர எண்ணும், அதன் கீழே சில இலக்கங்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். முதல் இலக்கம் தேய்மானத்தை எவ்வளவு தாங்கும் என்பதையும், இரண்டாவது வெட்டை எவ்வளவு தாங்கும் என்பதையும் காட்டும். வெட்டுக்கு 1 முதல் 5 வரை. பின்னால் வரும் ஆங்கில எழுத்து இன்னொரு சோதனையின்படி அளந்த வெட்டுத் தாங்கும் திறன், வரிசையில் பின்னால் போகப் போக வலிமை அதிகம். அளவும் பொருந்த வேண்டும். இங்குள்ள வெக்கையில் அரைமணி நேரத்தில் வியர்த்து, பெரிய அளவுக் கையுறை உள்ளேயே வழுக்க ஆரம்பித்துவிடும். பிடி தளர்ந்தால் பாதுகாப்புக்குப் போட்டதே விபத்துக்குக் காரணமாகும்.

ஒரே நாளில் நடக்காத காயங்களும் உண்டு. பிளேயரின் கைப்பிடி குட்டையாக இருந்தால் அதன் நுனி உள்ளங்கை நடுவில் நாள் முழுவதும் குத்துகிறது. மணிக்கட்டை வளைத்தே வேலை செய்தால், ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் நெருக்கிக்கொண்டு போகும் குறுகிய வழி இன்னும் நெருக்கமாகிறது. ராத்திரியில் விரல் மரத்து விழிப்பு வருவது அதன் அடையாளம். கைப்பிடி உள்ளங்கையைத் தாண்டி நீள வேண்டும், சுமார் 10 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். கிரைண்டர் போன்ற அதிரும் கருவிகளை வருடக்கணக்கில் பிடிப்பவர்களுக்கு விரல் வெளுப்பது குளிர் நாடுகளில் தெரியும் அறிகுறி. நம் ஊர்ச் சூட்டில் அது கண்ணில் படாமல் போகலாம். மதமதப்பும் பட்டன் போடத் தடுமாறுவதும்தான் நமக்குக் கிடைக்கும் எச்சரிக்கை.

அடிபட்ட அந்தப் பத்து நிமிடம்

சுத்தமான துணியை வைத்து நேராக அழுத்துங்கள், கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள். எடுத்து எடுத்துப் பார்க்காமல் தொடர்ந்து பத்து நிமிடம் அழுத்த வேண்டும். மோதிரம் இருந்தால் முதல் வேலையாகக் கழற்றுங்கள், வீங்கியபின் வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். காபித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, மூக்குப்பொடி எதையும் அப்பக் கூடாது. ரத்தம் நின்றதாகத் தோன்றும், ஆனால் டாக்டர் முதலில் அதையெல்லாம் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். விரலின் அடியில் கயிற்றையோ ரப்பர் பேண்டையோ இறுக்கிக் கட்டாதீர்கள். குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்காதீர்கள். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று டாக்டர் கேட்பார், நினைவுபடுத்தி வையுங்கள்.

விரல் துண்டாகிவிட்டால், அந்தத் துண்டைத் தேடி எடுங்கள். பலர் பதற்றத்தில் அதை அங்கேயே விட்டுவிட்டு ஆளை மட்டும் கொண்டுபோகிறார்கள். இன்னும் சிலர் ஐஸ் பெட்டியில் நேரடியாகப் போட்டுக் கொண்டுவருகிறார்கள். ஐஸ் நேராகப் பட்டால் சதை உறைந்து கருகிவிடும். ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி, அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் வைக்க வேண்டும். ஸ்பிரிட்டில் ஊறவைக்கக் கூடாது. இங்கே, முதலில் சொன்ன அந்த விஷயம் ஆறுதலாக வருகிறது: விரலுக்குள் தசை இல்லை. ரத்தம் இல்லாமல் முதலில் சாவது தசைதான். முன்கையோடு துண்டான கைக்கு ஏறத்தாழ 6 மணி நேரம்தான் அவகாசம். குளிர்ச்சியாக வைத்த விரல் 12 மணி நேரத்துக்கு மேலும் தாங்கும். எனவே பதறி அருகிலிருக்கும் ஏதோ ஓர் இடத்தில் தைத்து மூடிவிடாமல், கை அறுவை செய்யும் இடத்துக்குப் போக நேரம் உண்டு. 108-ஐ அழைக்கும்போதே விரல் துண்டானதைச் சொல்லிவிடுங்கள். நசுங்கிப்போன விரலை எல்லா நேரமும் ஒட்டவைக்க முடியாது. பெருவிரல் என்றால் மட்டும் எவ்வளவு கடினமானாலும் முயன்று பார்ப்பார்கள்.

இந்த விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. வேலூரில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், 1940-களின் இறுதியிலேயே தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தத் தொடங்கினார். வடசென்னையின் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில், டாக்டர் ஆர். வெங்கடசாமி கைக் காயங்களுக்கென்றே தனிப்பிரிவை வளர்த்தெடுத்தார். அது இன்று கை ஆராய்ச்சி, மறுவாழ்வு நிலையமாக நிற்கிறது. நுனி சாய்வாக வெட்டுப்பட்டு எலும்பு தெரியும் விரலுக்கு, அதே விரலின் பக்கவாட்டிலிருந்து முக்கோணமாகத் தோலை, அதன் நரம்போடும் ரத்தக்குழாயோடும் சேர்த்து முன்னால் நகர்த்தி மூடும் முறையை அவரும் சுப்பிரமணியனும் 1980-இல் சர்வதேச மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். நரம்போடு வருவதால் புதிய நுனிக்குத் தொடு உணர்வு இருக்கும். பட்டறைத் தொழிலாளிக்கு அதன் மதிப்பு தெரியும். நட்டு இழையில் சரியாக ஏறுகிறதா, கோணலாக ஏறுகிறதா என்று கண்ணுக்கு முந்திச் சொல்வது விரல் நுனிதான்.

பதிவேட்டில் ஒரு வரி

சட்டம் ஒவ்வொரு விரலுக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தோடு இணைந்திருந்த அட்டவணையில், பெருவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு என்று இருந்தது. சுட்டுவிரல் முழுவதும் என்றால் 14. நடுவிரல் 12. மோதிரவிரலோ சுண்டுவிரலோ என்றால் 7. எலும்பு போகாமல் சுட்டுவிரலின் நுனி மட்டும் வெட்டுப்பட்டால் 5. பெருவிரலுக்கு இவ்வளவு அதிகம் ஏன் என்பதற்கு ஒரு ஸ்பேனரை நான்கு விரலால் மட்டும் பிடித்துப் பாருங்கள், புரியும். துண்டாகாமல் அசைவு மட்டும் போன விரலுக்கு எவ்வளவு என்பதை மருத்துவக் குழு பரிசோதித்து முடிவு செய்யும்.

இஎஸ்ஐ திட்டத்தில் இருப்பவர்களுக்கு, வேலையில் ஏற்பட்ட காயம் என்றால் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு. இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதற்கு இல்லை. காயத்தால் வேலைக்கு வர முடியாத நாட்களுக்குச் சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இது பொருந்தும். ஆனால் எல்லாம் ஒரு தாளில் தொடங்குகிறது: அது வேலை நேரத்தில், வேலை இடத்தில் நடந்தது என்ற பதிவு. சின்னக் கீறல் என்று நினைத்து யாரும் எழுதாமல் விட்ட காயம், ஆறு நாள் கழித்துப் பெரிதானால், வீட்டில் காய்கறி நறுக்கும்போது பட்டதில்லை என்று எப்படிக் காட்டுவது? என் மூத்தவர் அதற்காக அரை நாள் விடுப்புகளாக எத்தனையோ முறை அலைந்தார். விரல் நுனி கடைசிவரை மடங்கவில்லை. தட்டில் கிடக்கும் சின்ன வாஷரை இன்றும் அவர் பெருவிரலாலும் நடுவிரலாலும்தான் எடுக்கிறார்.

முதலுதவிப் பெட்டிக்குப் பக்கத்தில், நூலில் கட்டிய பேனாவோடு ஒரு நோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அதில் எழுதியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: தேதி, பிற்பகல் 3.10, பேக்கிங் பகுதி, இடது கை சுட்டுவிரல், கட்டர் கத்தி, பார்த்த சாட்சி ஒருவர். அந்தச் சாட்சி நான்தான்.